மல்லிகைக் கவாத்து: கடலோரத்துக்கும் கார்த்திகை நடுவில்தானா?

மூலக்கொத்தளத்தில் என் வீட்டுப் பின்கட்டில், குழாயடியை ஒட்டி ஆறு குண்டுமல்லிப் புதர்கள் நிற்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை அவற்றை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது என் வழக்கம். வெட்டும் அன்று பக்கத்து வீட்டு ஆயா மதில் மேல் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, நல்லா கீற செடிய இப்டி மொட்டையடிச்சிட்டியே?" என்று கேட்பார். சித்திரை மாதம் சாயங்காலம் கிண்ணத்தோடு வந்து, அரும்பு இருக்கிறதா என்று கேட்பவரும் அவரேதான்.

ஆறு புதருக்காகப் பத்திரிகையில் இடம் கேட்கவில்லை. பொன்னேரிப் பக்கம் என் மைத்துனருக்கு நாற்பது சென்ட் மல்லிகை உண்டு. ஆயிரத்துச் சொச்சம் புதர்கள். அந்தக் குடும்பத்தின் கைச்செலவு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் அதிலிருந்துதான். 2023-ஆம் ஆண்டு அந்த வயலில் நடந்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதாமல் இரண்டு பருவங்களைத் தள்ளிப் போட்டேன். இனியும் தள்ளக் கூடாது.

குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்ய வேண்டும் என்பது பயிர்க் குறிப்புகளில் எல்லாம் இருப்பது. பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். மைத்துனர் குறிப்பை அட்சரம் பிசகாமல் பின்பற்றுகிறவர். அந்த ஆண்டும் நவம்பர் கடைசி வாரத்தில் ஆள் விட்டு வெட்டினார். வந்த ஆட்கள் வேலையைச் சீக்கிரம் முடிக்கும் நோக்கத்தில் கவாத்துக் கத்தரியைத் தொடவே இல்லை. அரிவாளால் ஓங்கிப் போட்டு, ஒரு சாண் கட்டையாக விட்டுப் போனார்கள். ஒரு வாரம் ஆகவில்லை. டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக் கடலை ஒட்டி நகர்ந்தபோது பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வயலில் ஐந்து நாள் தண்ணீர் நின்றது. வெட்டிய கட்டைகளின் தலை நீர்மட்டத்துக்கு மேல் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. வடிந்த பிறகு பார்த்தால் பள்ளப் பக்கத்துப் புதர்களில் வெட்டுவாய் கறுத்து, அந்தக் கறுப்பு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தை மாதம் எண்ணியபோது இருநூறு புதர்களுக்கு மேல் துளிர்க்கவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம், ஆள் கிடைக்காததால் வெட்டாமல் விட்டிருந்த வயலிலும் அதே தண்ணீர்தான் நின்றது. அங்கே செத்தவை பத்துப் பதினைந்துதான்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இலையோடு நிற்கும் செடி, மழை விட்டு வெயில் அடித்ததும் வேரிலிருந்து நீரை இழுத்து இலை வழியாக வெளியேற்றிவிடும். இலையை எல்லாம் எடுத்துவிட்ட செடிக்கு அந்த வழி அடைபட்டுப் போகிறது. வேர் சேற்றில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, மேலே நூறு வெட்டுவாய்கள் ஈரத்தில் திறந்து கிடக்கின்றன. பூசணத்துக்கு வேறு என்ன வேண்டும்?

நவம்பர் கடைசி வாரம் என்ற குறிப்பில் தவறு இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. அது தமிழகம் முழுமைக்கும் பொதுவாக எழுதப்பட்டது. மல்லிகை என்றால் மதுரை. 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அந்தப் பக்கம் மழையின் உச்சம் பெரும்பாலும் அக்டோபரோடு போய்விடும். நவம்பர் கடைசியில் அங்கே மண் காலை வாரிவிடாது. நம் சங்கதி அப்படி அல்ல. சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. அதிலும் நவம்பர்தான் பெருமழை மாதம். 2015-இல் ஊரையே மூழ்கடித்த மழை டிசம்பர் 1. வர்தா புயல் 2016 டிசம்பர் 12. நிவர் 2020 நவம்பர் 25. மிக்ஜாம் 2023 டிசம்பர் 3, 4. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. இந்தத் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் போதும். மீஞ்சூர், சோழவரம், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் மல்லிகை வைத்திருப்பவர் நவம்பர் கடைசியில் கத்தியை எடுப்பது சூதாட்டம் என்று விளங்கும்.

கவாத்தே வேண்டாம் என்று யாரும் இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. மல்லிகை புதுத்தளிரில்தான் அரும்பு வைக்கும். பழைய கட்டை எவ்வளவு தடித்திருந்தாலும் அதிலிருந்து புதுப் போத்து கிளம்பினால்தான் பூ. வெட்டாமல் மூன்று ஆண்டு விட்ட புதரைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே காய்ந்த குச்சியும் பழுத்த இலையும் சிலந்தி வலையுமாக இருக்கும். பூ எல்லாம் வெளி ஓரத்தில், கைக்கு எட்டாத நுனியில். மொட்டுப்புழு குடியிருப்பதும் அந்த நெரிசலில்தான். பறிக்கிற பெண்களுக்கு நேரம் இரட்டிப்பாகும். கூலி மட்டும் எடைக்குத்தான் கிடைக்கும்.

எந்தச் செடியானாலும், எந்த வயதுக் குச்சியில் அது பூக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே கத்தி வைக்க வேண்டும். சீமையில் வீட்டுத் தோட்டங்களில் கரண்ட் என்று ஒரு சிறுபழப் புதர் வளர்க்கிறார்கள். அதில் கறுப்புப் பழம் தருவது முந்தைய ஆண்டு விட்ட இளங்குச்சியில்தான் நன்றாகக் காய்க்கும். ஆகவே பனிக்காலத்தில் பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுத்துவிடுகிறார்கள். சிவப்புப் பழம் தருவது பழைய தண்டில் உள்ள குட்டைக் கணுக்களில் காய்க்கும். அதை அப்படி வெட்டினால் அந்த ஆண்டு பழம் போச்சு. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. நம் ஊரிலும் இதே கதைதான். மல்லிகைக்குச் செய்தது நன்மை தந்தது என்று மாமரத்தையும் அதே வாரத்தில் கழித்துவிட்டுத் தையில் பூவைத் தேடியவரை எனக்குத் தெரியும். மா, முன்பே முற்றி ஓய்ந்திருக்கும் கிளை நுனியில் பூப்பது. அதற்குக் கழிப்பு, காய் பறித்த கையோடு.

சரி, நவம்பர் கடைசி வேண்டாம் என்றால் எப்போது? இங்கேதான் குடியானவர்கள் மறுபக்கச் சறுக்கலில் விழுகிறார்கள்.

மார்கழி, தை மாதங்களில் மல்லிகை விலை ஏறுகிறது. பனியில் பூ குறைந்துவிடும். பொங்கலும் தைக் கல்யாணங்களும் வந்துவிடும். கிலோ இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயைத் தாண்டிய ஜனவரிகள் உண்டு. அதே பூ சித்திரை வைகாசியில் கிலோ இருநூறுக்கும் கீழே வந்து, பறிப்புக் கூலி கொடுத்தால் மிச்சம் என்ன என்று கேட்க வைக்கும். இதைக் கண்ட விவசாயி என்ன செய்வார்? வெட்டாமல் வைத்துக்கொள்வார். கால் கிலோ கிடைத்தாலும் ஐந்நூறு ரூபாய் அல்லவா என்பார். கோயம்பேட்டுக்கு விடியற்காலையில் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை புரியும். நானும் அதைக் குறை சொல்ல மாட்டேன். கையில் காசு இல்லாதவனிடம் மூன்று மாதம் கழித்து வரும் பூவைப் பற்றிப் பேசுவது சுலபம்.

ஆனால் அந்த ஆசை தை கடந்து மாசிக்கும் நீள்கிறது. இன்னும் ஒரு முகூர்த்தம், இன்னும் ஒரு முகூர்த்தம் என்று தள்ளி, மாசி நடுவில் வெட்டுகிறவர்கள் உண்டு. வெட்டிய புதர் துளிர்த்து அரும்பு கட்ட ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மாதம் ஆகும். குளிரில் சற்றுக் கூடும், வெயிலில் சற்றுக் குறையும். மாசி நடுவில் வெட்டினால் பூ கைக்கு வரும்போது வைகாசி பிறந்துவிடும். பங்குனிப் பூவும் சித்திரையின் பெரும்பகுதியும் போய்விட்டன. அதற்குள் கத்திரி வெயிலில் இளந்தளிரும் வாடும், தண்ணீரும் குறையும். கடைசியில் தையில் சம்பாதித்ததைக் கோடையில் விட்டுவிடுகிறோம்.

என் அபிப்பிராயம் இது. கடலோர வட்டாரங்களில் வயலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மேட்டுப் பாதியை மார்கழி பிறந்ததும், அதாவது டிசம்பர் நடுவுக்குப் பிறகு, நாலைந்து நாள் சேர்ந்தாற்போல வெயில் அடிக்கக் கண்டதும் வெட்டிவிடலாம். பள்ளப் பாதியைப் பொங்கல் வரை விட்டுவைத்து, கிடைக்கிற பூவைக் கிடைக்கிற விலைக்கு விற்றுவிட்டு, மாட்டுப் பொங்கல் கழிந்த வாரத்தில் வெட்டலாம். ஜனவரி கடைசிக்கு மேல் ஒரு புதரும் மிச்சம் இருக்கக் கூடாது. முதல் பாதி பங்குனியில் பூக்கு வரும், அடுத்த பாதி சித்திரையில் வரும். ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் பூத்துச் சந்தையில் கொட்டுவதில் நம் பங்காவது குறையும். பறிக்கவும் வீட்டு ஆட்களே போதும். மைத்துனர் சென்ற இரண்டு பருவமாக இப்படித்தான் செய்கிறார். பெரிய லாபம் என்று அவர் சொல்லவில்லை. ஒரு புதரும் சாகவில்லை என்று மட்டும் சொல்கிறார்.

இதில் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. வெட்டாத பாதியில் இருக்கும் மொட்டுப்புழுவும் சிலந்தியும், வெட்டிய பாதியில் தளிர் விட்டதும் அங்கே குடி மாறும். முழு வயலையும் ஒரே மூச்சில் வெட்டினால் அவற்றுக்கு இடைவெளி விழும். இரண்டாகப் பிரித்தால் விழாது. ஆகவே இரண்டாவது பாதியில் பூச்சி தென்பட்டால் விலை ஆசையை விட்டு உடனே வெட்டிவிடுவதே நல்லது. கழித்த குப்பையை வயலோரம் குவித்து வைக்காமல் அப்புறப்படுத்த வேண்டும்.

இனி வெட்டும் முறை. தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் அரிவாள்காரர்கள் அவசியம் படிக்கவும்.

வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே நீர் பாய்ச்சுவதை நிறுத்த வேண்டும். நம் பக்கம் மழை இருந்தால் அது நம் கையில் இல்லை. வடிகாலை மட்டும் வெட்டித் திறந்துவிடலாம். புதரைக் கயிற்றால் சுற்றி இறுகக் கட்டிக்கொண்டால் குச்சிகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்து நிற்கும். உயரம் பார்த்து வெட்டச் சுலபம். தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், அதாவது சுமார் ஒன்றரை அடி. இதற்குக் கீழே போகவே கூடாது. ஒரு சாண் கட்டைக்கு நேர்ந்ததை மேலே சொல்லிவிட்டேன். கட்டை அவிழ்த்த பிறகு குனிந்து உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, பலரும் விட்டுவிடுவது. காய்ந்த குச்சி, நோய்ப்பட்ட குச்சி, ஒன்றோடு ஒன்று உரசும் குச்சி, அடியிலிருந்து நெட்டையாகக் கிளம்பிப் பூக்காமல் நிற்கும் நீர்ப்போத்து இவற்றை அடியோடு எடுக்க வேண்டும். மிச்சமுள்ள இலைகளையும் உருவிவிட வேண்டும். வெட்டு, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக இருக்கட்டும். அப்போதுதான் புதுப்போத்து வெளியே பரவும், புதரின் நடுவில் வெளிச்சம் விழும், மழைத்துளியும் வெட்டுவாயில் தங்காது. கட்டைவிரல் கனத்துக்கு மேல் உள்ள வெட்டுவாய்களில் போர்டோப் பசை தடவலாம்.

ஒரு புதருக்கு இவ்வளவு நேரமா என்று கேட்பீர்கள். என் கையால் நாளுக்கு முப்பது புதருக்கு மேல் ஓடாது. எனக்கு வயதும் ஆகிவிட்டது. பழகிய ஆள் கூடுதலாகச் செய்வார். வயலை இரண்டாகப் பிரிப்பதில் இன்னொரு சௌகரியம், கூலி ஆளை நம்பாமல் வீட்டார் இருவர் சேர்ந்து சாவகாசமாக முடித்துவிடலாம் என்பது. குத்தகையாக இத்தனை ரூபாய்க்கு முழு வயலும் என்று பேசி விட்டால், அரிவாள்தான் பேசும்.

கவாத்து என்ற சொல்லையே பாருங்கள். எங்கள் மூலக்கொத்தளத்துக்கு அந்தப் பெயர் வந்தது, பழைய கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கட்டிய கோட்டை மதிலின் கொத்தளத்தால். சிப்பாய்கள் வரிசையாக நின்று பழகுவதையும் கவாத்து என்றுதான் சொல்வார்கள். ஒழுங்கில் நிறுத்துவது என்ற கருத்தில் அது தோட்டத்துக்கும் பொருந்துகிறது. எதிரியை வெட்டுவது மாதிரி வெட்டுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

வெட்டியபின் செடிக்குச் சோறு போட வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, புதருக்கு ஆண்டொன்றுக்குத் தொழு உரம் 10 கிலோ, தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம். ரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து, கவாத்து முடிந்ததும் ஒரு பாதி, ஜூன் ஜூலையில் ஒரு பாதி. கடைக்காரரிடம் கேட்கும் கணக்கில் சொன்னால் ஒவ்வொரு தடவைக்கும் புதருக்கு யூரியா சுமார் 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், மூரியேட் ஆப் பொட்டாஷ் 100 கிராம். தண்டை ஒட்டிக் கொட்டாமல், ஒரு அடி தள்ளி வட்டமாகக் கிளறி இட்டு மண் அணைக்க வேண்டும். மண் இன்னும் சொதசொதவென்று இருந்தால் யூரியாவைப் பத்து நாள் தள்ளிப் போடுவதில் நஷ்டம் இல்லை. ஈரச் சேற்றில் இட்டது செடிக்குச் சேராது.

எங்கள் வடசென்னையில் வீட்டுச் செடிக்கு இன்னொரு தொல்லை. நிலத்தடி நீரில் உப்பு. மல்லிகையின் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாக வெளுத்தால், அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தும் உப்பும் காரமும் அதைச் செடிக்கு விடுவதில்லை. லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி கலந்து இலைமேல் தெளித்தால் பச்சை திரும்பும். அடுத்தது தூசி. துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்த நாளில் ராயபுரம் பக்கம் துணி காயவைக்க முடியாது. இலைமேலும் கறுப்பாகப் படியும். 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது நிறுத்தப்பட்டு எண்ணூருக்குப் போனது. எங்களுக்கு ஆறுதல், எண்ணூர்க்காரர்களுக்கு அல்ல. லாரித் தூசி இன்றும் இருக்கிறது. தூசி படிந்த இலையில் சிவப்புச் சிலந்தி பெருகும். வீட்டுச் செடிக்கு வாரம் ஒரு முறை இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாகத் தண்ணீர் அடித்தாலே பாதி போய்விடும். மீறினால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு.

தொட்டியிலும் டிரம்மிலும் மல்லிகை வைத்திருக்கும் மாடி வீட்டார் ஒன்றரை அடி என்ற கணக்கைப் பார்க்க வேண்டாம். தொட்டி சிறிது, வேர் சிறிது. ஒரு அடி விட்டு வெட்டி, மேல் மண்ணில் நாலு விரற்கடை எடுத்துவிட்டுத் தொழு உரமும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்த புது மண் போட்டால் போதும். அடித்துவாரம் அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுக் குத்திப் பார்க்கவும். தொட்டிக்கும் மிக்ஜாம் உண்டு.

தோட்டக்கலை உத்தியோகஸ்தர்களிடம் ஒரு வேண்டுகோள். நெல்லுக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் பட்டம் பார்த்துச் சொல்கிறீர்கள். மல்லிகைக்கும் அப்படியே கடலோர வட்டாரங்களுக்குத் தனித் தேதி போட்டுத் துண்டுப் பிரசுரம் ஒன்று வெளியிடலாம். பொதுக் குறிப்பைப் படித்து அதன்படி நடக்கிறவர்தான் இதில் நஷ்டப்படுகிறார், படிக்காதவர் தப்பிக்கிறார். இது விஸ்தரணத் துறைக்கு நல்ல பெயர் அல்ல. தேதியோடு, வானிலை நிலையம் கடலில் தாழ்வு நிலை இருக்கிறது என்று சொல்லும்போது கத்தியை எடுக்காதீர்கள் என்ற ஒரு வரியும் சேர்த்தால் போதும்.

வெட்டிய குச்சிகளில் பென்சில் கனத்தில், பூச்சி நோய் இல்லாதவற்றைப் பொறுக்கி ஒரு சாண் அளவில் நறுக்கி, நிழலில் மணல் படுக்கையில் ஊன்றி வையுங்கள். எல்லாம் வேர் பிடிக்காது. பிடித்த வரை லாபம். மைத்துனரின் பள்ளப் பக்கத்தில் செத்துப்போன இடங்களை நிரப்பியவை அப்படி வந்த செடிகள்தான். பக்கத்து வீட்டு ஆயாவும் சென்ற மார்கழியில் நான் கழித்துப் போட்டதில் நாலு குச்சி கேட்டு வாங்கிப்போனார். இரண்டு துளிர்த்திருக்கின்றன. வருகிற மார்கழியில் அவற்றில் கத்தி வைக்க விடுவாரா என்று பார்க்க வேண்டும்.